வீட்டு இறால் ஒத்துக்கொள்கிறது, ஓட்டல் இறால் ஒத்துக்கொள்ளவில்லை: ஏன்?

கேள்வி: எனக்கு வயது 36. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சிறு வயதிலிருந்தே இளைப்பு உண்டு. பனிக்காலத்தில் இன்ஹேலர் எடுத்துக்கொள்வேன். சில வருடங்களாக வெளியில் சாப்பிட்டால் ஏதாவது ஆகிவிடுகிறது. கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மண்டப வாசலில் கொடுத்த திராட்சை ஜூஸைப் பாதி குடிப்பதற்குள் நெஞ்சை அடைத்து இருமல் வந்துவிட்டது. பந்தியில் உட்காரவே இல்லை. நாகப்பட்டினத்தில் ஒரு ஓட்டலில் இறால் வறுவல் சாப்பிட்டேன், கால் மணி நேரத்தில் இளைப்பு. ஆனால் பழையாறு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வரும் இறாலை வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் கேசரி சாப்பிட்ட அன்று கை, கழுத்தெல்லாம் தடித்து அரித்தது. அன்று காலை கால் வலிக்கு மாத்திரை போட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் அஜினோமோட்டோதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் தள்ளுவண்டி ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டபோது எதுவும் ஆகவில்லை. ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் கொடுத்தேன். அரிசி, பால், கத்தரிக்காய் உட்படப் பெரிய பட்டியல் ஒன்றைத் தந்து ‘தவிர்க்கவும்’ என்றார்கள். இப்போது வெளியில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அடுத்த மாதம் மாமியார் வீட்டாரோடு இரண்டு நாள் நவக்கிரகக் கோயில் பயணம், அதற்குப் பிறகு நாத்தனார் கல்யாணம். என்ன செய்வது? என் எட்டு வயது மகனும் இதையெல்லாம் தவிர்க்க வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரி,

போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு விவரங்களே காரணத்தைக் காட்டிக் கொடுக்கின்றன. ஜூஸைப் பாதி குடிப்பதற்குள் இருமல் வந்தது ஒன்று. பழையாற்று இறால் உங்கள் வீட்டுக் குழம்பில் எந்தத் தொந்தரவும் தரவில்லை என்பது மற்றொன்று. இறாலே ஆகாத உடம்பாக இருந்தால் அது வீட்டுச் சட்டி, ஓட்டல் சட்டி என்று பார்க்காது, இரண்டிலும் படுத்தும். திராட்சை ஜூஸில் அஜினோமோட்டோ போடும் வழக்கம் கிடையாது. அப்படியானால் மண்டபத்து ஜூஸுக்கும் ஓட்டல் இறாலுக்கும் பொதுவாக உள்ளது எது என்று பார்க்க வேண்டும். என் சந்தேகம் சல்ஃபைட் மீது.

உணவு கெடாமலும் நிறம் மாறாமலும் இருக்கச் சேர்க்கும் கந்தக உப்புகளுக்குப் பொதுப்பெயர் சல்ஃபைட். கல்யாண மண்டபங்களில் பெரிய கேனில் வரும் பழச்சாறு, ஸ்குவாஷ், பாட்டில் எலுமிச்சைச் சாறு ஆகியவற்றில் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் சேர்ப்பது வழக்கம். இறாலின் கதை வேறு. பிடித்துச் சில மணி நேரத்தில் அதன் தலையும் ஓடும் கறுக்கத் தொடங்கும். சுவை கெட்டுவிடுவதில்லை, ஆனால் கறுத்த இறாலுக்கு விலை இல்லை. அதனால் ஐஸில் போடுவதற்கு முன்பு சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் முக்கி எடுப்பார்கள். காலையில் கரைக்கு வந்து மதியம் உங்கள் அடுப்பில் ஏறும் இறாலுக்கு இந்த முக்கல் தேவையில்லை. பெட்டியில் அடுக்கப்பட்டுப் பல கைகள் மாறி ஓட்டலுக்கு வருவதற்குத் தேவைப்படுகிறது. முறையாக அளந்து சேர்த்தால் மிச்சம் குறைவாகத்தான் இருக்கும். தொட்டியில் கைப்பிடிக் கணக்கில் பொடியைக் கொட்டும் இடத்தில் அந்த உத்தரவாதம் இல்லை.

சல்ஃபைட் புளிப்பான திரவத்தில் இருக்கும்போது சல்ஃபர் டை ஆக்சைடு வாயுவாகப் பிரிகிறது. ஜூஸை விழுங்கும்போதே அந்த வாயு கொஞ்சம் மூச்சோடு உள்ளே போகும். ஆஸ்துமா உள்ள மூச்சுக்குழாய் அதைக் கண்டதும் சட்டென்று சுருங்கிக்கொள்ளும். அதனால்தான் வயிற்றுக்குப் போய்ச் செரிக்கும்வரை காத்திருக்காமல் நிமிடக் கணக்கில் இருமலும் அடைப்பும் வருகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களில் ஏறத்தாழ 100க்கு 3 முதல் 10 பேர் வரை இப்படிப் பாதிக்கப்படலாம் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. ஆஸ்துமா இல்லாதவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம். ஒரே தட்டிலிருந்து ஜூஸ் எடுத்துக் குடித்த மற்ற உறவினர்களுக்கு எதுவும் ஆகாததால் உங்கள் சிரமத்தை மனப்பிரமை என்று யாராவது சொல்லியிருந்தால், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் சாலட் காய்கறிகளில் சல்ஃபைட் தெளித்து, அதைச் சாப்பிட்ட ஆஸ்துமாக்காரர்கள் உயிரிழந்த பிறகு, 1986இல் பச்சைக் காய்கறி, பழங்களில் அதைச் சேர்க்க அந்நாட்டு அரசு தடை போட்டது. அவ்வளவு தூரம் போகக்கூடிய விஷயம் இது.

அஜினோமோட்டோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் மேல் பழி போட்டுவிட்டு உண்மையான காரணத்தைத் தப்பவிடுகிறோம். 1908இல் ஜப்பானியர் கிகுனாயே இகேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டமேட் என்ற சுவைப்பொருள் அது. தக்காளியிலும் இயற்கையாகவே இருக்கிறது. எது அஜினோமோட்டோ, எது வெறும் பொடி என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், உணவோடு சாப்பிடும் வழக்கமான அளவு பெரும்பாலோருக்குத் தொந்தரவு தரவில்லை. வெறும் வயிற்றில் 3 கிராம் அல்லது அதற்கு மேல் போனால் சிலருக்குத் தலைவலி, படபடப்பு கொஞ்ச நேரம் இருக்கலாம். உங்களுக்கோ ஃப்ரைடு ரைஸ் ஒன்றும் செய்யவில்லை. அதை விரும்பிச் சாப்பிடச் சொல்லவில்லை. அந்த வண்டியில் எண்ணெய்தான் எனக்குப் பெரிய கவலை. ஆனால் உங்கள் இளைப்புக்கு அது காரணம் இல்லை என்று தோன்றுகிறது.

அந்த ரத்தப் பரிசோதனைப் பட்டியலை மடித்து உள்ளே வைத்துவிடுங்கள். நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ‘ஐஜிஜி’ என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு பார்த்துத் தரும் அறிக்கைகள் ஒவ்வாமையைக் காட்டுவதில்லை. நீங்கள் அடிக்கடி சாப்பிடும் உணவு எது என்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகின்றன. காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவர் ரத்தத்தில் அரிசி காட்டாமல் வேறு எது காட்டும்? அதை நம்பி அரிசியையும் பாலையும் விட்டிருந்தால் இன்றே மறுபடி தொடங்குங்கள். சல்ஃபைட்டுக்கு நம்பகமான ரத்தப் பரிசோதனை கிடையாது. மருத்துவமனையில், மூச்சின் வேகத்தை அளந்துகொண்டே, சிறிய அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். நுரையீரல் மருத்துவர் ஒருவர் மேற்பார்வையில் செய்ய வேண்டியது அது. ‘கொஞ்சம் குடித்துத்தான் பார்ப்போமே’ என்று வீட்டில் ஒருபோதும் முயலாதீர்கள்.

இனி கேசரி. இதை நான் தனியாகப் பிரிக்கிறேன், ஏனென்றால் அன்று வந்தது இளைப்பு இல்லை, தடிப்பு. கேசரிப் பவுடரில் இருக்கும் டார்ட்ரசின் என்ற மஞ்சள் நிறமி, சன்செட் யெல்லோ என்ற ஆரஞ்சு நிறமி ஆகியவை சிலருக்குத் தடிப்பைக் கொண்டுவரலாம். ஆனால் அப்படி ஆகிறவர்கள் மிகக் குறைவு. இந்தியாவில் 8 செயற்கை நிறமிகளுக்கு மட்டும் அனுமதி உண்டு. அனுமதிக்கப்பட்ட உணவுகளிலும் பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்ச அளவு. வாணலி முன்னால் நிற்பவர் அளப்பது கண்ணால். நிறம் பளிச்சென்று வரும்வரை போடுகிறார். இருந்தாலும், அன்றைய கால் வலி மாத்திரையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் தோலில் தடிப்பைக் கொண்டுவருவது கேசரிப் பவுடரைவிட மிகவும் சாதாரணம். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் ஏறக்குறைய 100க்கு 7 பேருக்கு இவை இளைப்பையே தூண்டும். எந்த மாத்திரை என்று தேடிப் பாருங்கள். அட்டை இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை இந்த வகை மாத்திரை எதையும் தொட வேண்டாம். கோயில் பயணத்தில் நடந்து கால் வலித்தால் வேனில் யாராவது ஒருவர் பையிலிருந்து ஒரு மாத்திரை எடுத்து நீட்டுவார். வாங்காதீர்கள். உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, அதைக் கையில் வைத்திருங்கள்.

வெளியில் சாப்பிடுவது பற்றி. ‘கெமிக்கல் ஏதும் சேர்ப்பீர்களா?’ என்று கேட்டால் எந்தக் கடையிலும் ‘அதெல்லாம் கிடையாது’ என்றுதான் பதில் வரும். பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. பாக்கெட்டில் வாங்கிய இஞ்சி பூண்டு விழுதைச் சமைப்பவர் கெமிக்கலாக நினைப்பதில்லை. ஆகவே பொருளைச் சொல்லிக் கேளுங்கள். ‘அண்ணே, எலுமிச்சை ஜூஸ் பழம் பிழிந்ததா, பாட்டிலா?’ ‘இஞ்சி பூண்டு இங்கேயே அரைத்ததா, வாங்கியதா?’ ‘இறால் இன்றைக்கு வந்ததா, ஐஸ் பெட்டி இறாலா?’ இப்படிக் கேட்டால் அவருக்கும் பதில் சொல்வது சுலபம். பரிமாறுபவரிடம் கேட்பதைவிடச் சமைப்பவரிடம் கேட்பது நல்லது. அதுவும் பன்னிரண்டரை மணிக் கூட்டத்தில் கேட்டால் யாருக்கும் நின்று பதில் சொல்ல நேரம் இருக்காது. பதினொரு மணிக்குப் போய்க் கேளுங்கள். ‘எனக்கு ஆஸ்துமா, தப்பானது போனால் மூச்சு அடைத்துக்கொள்ளும்’ என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிட்டால், நம் ஊர் சமையல்காரர்கள் அக்கறையாகவே பார்த்துக்கொள்வார்கள்.

உங்களுக்கு ஆறுதலான செய்தி, நம் டெல்டாவின் அன்றாடச் சாப்பாட்டில் பெரும் பகுதி உங்களுக்குப் பாதுகாப்பானது. அன்றாடம் அரைத்த மாவில் வெந்த இட்லி, பொங்கல், அப்போது அரைத்த தேங்காய்ச் சட்னி, கும்பகோணத்துக் கடப்பா, ரசம், தயிர், மோர், டிகிரி காப்பி எதற்கும் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆப்பசோடாவும் சல்ஃபைட்டும் ஒன்று இல்லை, மெதுவடை சாப்பிடலாம். கவனிக்க வேண்டியவை இலையின் ஓரத்தில் இருப்பவை: பாக்கெட் ஊறுகாய், பாயசத்தில் மிதக்கும் பொன்மஞ்சள் உலர்திராட்சை, உலர்ந்த தேங்காய்த் துருவல் தூவிய இனிப்பு. அந்தத் திராட்சையின் நிறம் பெரும்பாலும் கந்தகப் புகை காட்டிக் காப்பாற்றியது.

இளநீர் குடிக்கலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். சாலையோரத்தில் பச்சைக் காயை உங்கள் கண் முன்னால் சீவிக் கொடுத்தால் தாராளமாகக் குடியுங்கள். மட்டையை முழுக்கச் சீவி, வெள்ளையாக, மெல்லிய பிளாஸ்டிக் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருக்கும் இளநீரைத் தொடாதீர்கள். சீவிய இடம் பழுப்பேறாமல் இருக்க அதைச் சிட்ரிக் அமிலமும் மெட்டாபைசல்ஃபைட்டும் கலந்த நீரில் முக்கி எடுப்பது வழக்கம்.

வெல்லத்தைப் பற்றி நம் வட்டாரத்தில் பேசாமல் இருக்க முடியாது. பாபநாசம், கபிஸ்தலம், வீரமாங்குடி பக்கம் அச்சு வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் பொங்கல் நெருங்கும்போது இரவு பகலாக எரியும். கரும்புச்சாறு தானாகக் காய்ந்தால் வெல்லம் அடர் பழுப்பாகத்தான் வரும். மஞ்சளாக வர வேண்டும் என்று பாகில் ஹைட்ரோஸ் போடுகிறார்கள். அதுவும் சல்ஃபைட் குடும்பம்தான். வெல்லத்தில் சல்ஃபர் டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். காய்ச்சுபவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கறுத்த வெல்லத்தை நாம் ஒதுக்கி, பொன்னிற வெல்லத்துக்குக் கூடுதலாகக் கொடுத்து அவரை அதற்குப் பழக்கினோம். உங்கள் வீட்டுக்கு அடர் நிற வெல்லம் கேட்டு வாங்குங்கள். சர்க்கரைப் பொங்கலில் வெல்லம் கொதித்து, அரிசியும் பருப்பும் நெய்யும் சேர்ந்து அளவு குறைந்துவிடுவதால், ஜூஸ் போல உடனே தாக்கும் வாய்ப்பு குறைவு. கோயில் பிரசாதத்தை ஒரு வாய் வாங்கிக்கொள்ள நீங்கள் தயங்க வேண்டாம். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து எலுமிச்சை பிழிந்த பானகம் மட்டும் வேண்டாம். புளிப்பும் திரவமும் சேர்ந்தது அது.

நவக்கிரகப் பயணத்துக்கு வருகிறேன். மயிலாடுதுறையிலிருந்து கிளம்பினால் முதல் நாள் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என்று கடலோரப் பக்கம் இருக்கும். அன்று மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். திருவிழா, சனிக்கிழமைக் கூட்டத்தில் கோயில் வாசல் கடைகளில் நின்று விசாரிக்க முடியாது. நல்லெண்ணெய் தடவிய பொடி இட்லி, புளியோதரை, வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய் போதும். இரண்டாம் நாள் கஞ்சனூர், சூரியனார்கோயில், திருநாகேஸ்வரம், ஆலங்குடி, திங்களூர் பக்கம் வரும்போது நடுவில் கும்பகோணம் இருக்கிறது. காலை டிபனும் மதியச் சாப்பாடும் ஒரு நல்ல மெஸ்ஸில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். திருநாகேஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே உப்பிலியப்பன் கோயில். உப்பில்லாமல் செய்யும் அந்தப் பிரசாதத்தையும் சாப்பிடலாம். கடலோரத்தில் எவ்வளவு வாசனை அடித்தாலும் சிவப்பாக வறுத்துத் தொங்கும் மீனும் இறாலும் வேண்டாம். மீன் வறுவலிலும் கோழி வறுவலிலும் செயற்கை நிறமி சேர்க்கவே அனுமதி இல்லை. அந்தச் சிவப்பு மிளகாயால் வந்தது என்று நினைக்காதீர்கள்.

பாக்கெட் எதையாவது வாங்க நேர்ந்தால் பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் 220 முதல் 228 வரை எந்த எண்ணாவது இருக்கிறதா என்று பாருங்கள். அவை எல்லாம் சல்ஃபைட் வகை. கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஒவ்வாமை எச்சரிக்கையாகவே அச்சிட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி. பத்து அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள ஓட்டல்களும் மெனுவில் ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட வேண்டும். சென்னை போகும் வழியில் அப்படிப்பட்ட ஓட்டலில் பஸ் நின்றால் தயங்காமல் கேளுங்கள்.

நாத்தனார் கல்யாணம் உங்கள் வீட்டுக் கல்யாணம் என்பதால் உங்களுக்கு உரிமை இருக்கிறது. முதல் நாள் இரவு சமையல் மாஸ்டரைப் பார்த்து வாசல் ஜூஸைப் பற்றிக் கேளுங்கள். கேன் சாறு என்றால், ‘எலுமிச்சை பிழிந்து கொடுக்கலாமே’ என்று உங்கள் கணவர் மூலமாகச் சொல்லிப் பாருங்கள். வந்திருப்பவர்களில் ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் எத்தனை பேரோ, அவர்களுக்கும் நல்லது. உறவினர் வீடுகளில் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொன்னால்தான் மனம் நோகும். வேறு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: ‘அத்தை, ஜூஸ் குடித்தால் எனக்கு மூச்சு வாங்கும், கொஞ்சம் மோர் கொடுங்கள்.’ மாமியாரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். உங்களுக்கு வந்திருப்பது பிடிவாதம் இல்லை, நோய் என்று அவர் புரிந்துகொண்டால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

இன்ஹேலர் எப்போதும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். வேனின் மேலே கட்டிய பெட்டியிலோ, வெயில் படும் டாஷ்போர்டிலோ வைக்காதீர்கள். கிளம்புவதற்கு முன்னால் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இளைப்பு வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, உங்கள் மருத்துவர் சொன்ன அளவில் இன்ஹேலரை ஸ்பேசர் (அதோடு பொருத்தும் குழாய்) வைத்து எடுங்கள். அடங்காவிட்டாலோ, பேச முடியாமல் போனாலோ 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். உதடு, நாக்கு வீங்குவது, குரல் கம்முவது, தடிப்போடு வாந்தியோ மயக்கமோ வருவது, இவை வேறு ரகம். உடனே அட்ரினலின் ஊசி போட வேண்டும். அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. மயிலாடுதுறை, கும்பகோணம் தலைமை மருத்துவமனைகளிலும், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் எந்நேரமும் அவசரச் சிகிச்சை உண்டு. எது பக்கமோ அங்கே போங்கள். ஒரு விஷயத்தைக் கணவருக்கும் சொல்லி வையுங்கள். பல அட்ரினலின் மருந்துகளிலேயே பதப்பொருளாகச் சிறிதளவு சல்ஃபைட் இருக்கும். அதைப் படித்துவிட்டு ‘இவளுக்கு இது ஆகாதே’ என்று யாரும் ஊசியைத் தடுத்துவிடக் கூடாது. சல்ஃபைட் ஆகாதவருக்கும் அந்த நேரத்தில் அட்ரினலின்தான் உயிர் காக்கும் மருந்து. போட்டே தீர வேண்டும்.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆஸ்துமா வரும் தன்மை குடும்பத்தில் தொடரலாம், ஆனால் அம்மாவுக்கு ஆகாத பதப்பொருள் பிள்ளைக்கும் ஆகாது என்று எந்தக் கணக்கும் இல்லை. அவனுக்கு இளைப்பு இல்லையென்றால், சாப்பிட்டதும் எதுவும் ஆவதில்லையென்றால், எதையும் நிறுத்தாதீர்கள். கல்யாணத்தில் அவன் ஜூஸ் குடிக்கட்டும். திருவிழாவில் அடர் சிவப்பாக விற்கும் பஞ்சு மிட்டாயை மட்டும் வாங்கித் தர வேண்டாம். 2024 பிப்ரவரியில் அதில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டுத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. அது ஒவ்வாமை உள்ளவர், இல்லாதவர் எவருக்குமே ஆகாது.